பதினேழாம் துண்டு

பாம்பன் ஏலத்தில் பால்சுறாவின் தோலை மட்டும் கேட்டேன்.
"தோல வச்சு என்னத்தக் கொழம்பு வைப்பீக?"
கேட்டுக்கொண்டே உரித்தாள் ஜெசிந்தா.
கொடுத்ததோடு விடவில்லை,
ஆய்வுக்கூடம் வரை வந்தாள்.

தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் பட்டு.
வாலிலிருந்து தலைக்கு உப்புத்தாள்.
அத்தனையும் பற்கள்,
ஒரு மில்லிமீட்டரில் ஐந்து நிற்கும்,
ஒவ்வொன்றின் முதுகிலும் மூன்று வரப்பு.

தோல் சுருண்டது. கண்ணாடியில் மெழுகு பூசி
விளிம்பைப் பதித்தோம்.
அடங்காத ஒரு மூலையை
ஜெசிந்தாவின் கட்டைவிரல் அடக்கியது.

பிறகு சிலிக்கோன்.
தேன் மாதிரி இறங்கும், தேனைவிடப் பொறுமை.
பம்பு இழுக்க இழுக்கக் குமிழ்கள் ஏறி வெடித்தன.
இரண்டு முறை கரண்ட் போனது,
இரண்டு முறையும் காத்திருந்தது.
அறுபது டிகிரியில் நான்கு மணி நேரம்.
உரித்தபோது
சேற்றிலிருந்து காலை இழுக்கும் சத்தம்.

அச்சுக்கு வேண்டியது வேண்டாதது தெரியாது.
பல்லை எடுத்தது, பல்லின் வரப்பை எடுத்தது,
தலைமுடியை ஆயிரமாய்ப் பிளந்த அகலத்தில்
என் கத்தி இழுத்த கீறலையும் எடுத்தது.

அந்த அச்சில் ஒரே வார்ப்பு. இருபதாக வெட்டினேன்.
வாடை தொடங்கி வடகடல் கலங்கிக் கிடந்தது,
மண்டபம் தென்கடலில் கயிறு கட்டி இறக்கினேன்.
பக்கத்திலேயே மழமழவென்று இருபது, ஒப்பிட்டுப் பார்க்க.

பதினோராம் நாள் தூக்கினால்
மழமழப்பில் எல்லாம் கொட்டலசு குடித்தனம்.
சுறாத் துண்டுகளில் வழித்தால் போகும் பாசி.
பதினேழில் மட்டும், ஒரு மூலையில்,
வெள்ளை வெள்ளையாய், வளைந்து வளைந்து, வரிசை.

லென்ஸ் வைத்தேன்.
கொட்டலசுக் குஞ்சு அரை மில்லிமீட்டர்.
கட்டைவிரல் ரேகைப் பள்ளமும் ஏறக்குறைய அவ்வளவே.
தன் உடம்புக்கு அளவெடுத்த இடம் கிடைத்ததும்
உட்கார்ந்துவிட்டன,
சுழியிலிருந்து வெளியே, ரேகை ரேகையாக,
கெளுத்தி முள் கிழித்த தழும்பில் மட்டும் ஆளில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
பதினேழு, மாசு. கணக்கில் சேர்க்கவில்லை.
எழுதிவிட்டு ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு
பாம்பன் பஸ் ஏறினேன்.

செதில் கையைச் சேலையில் துடைத்து
வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள் ஜெசிந்தா.
தன் விரலைப் பார்த்தாள். மறுபடி அதை.
"மூணு மாசமா ரேஷன் கட மிசினு
ஒனக்கு ரேகையே இல்லங்குது.
இந்தக் கழுதைகளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க."
கொஞ்சம் கழித்து,
"நாளைக்கு அரிசி போடுவாக.
இதக் கொண்டுபோயி வைக்கவா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
ஓரத்துக் கொட்டலசு ஒன்று
வாயைத் திறந்து திறந்து மூடியது.
மீன் கூடையிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி
அதன்மேல் விட்டாள்.