பதினேழு, நீக்கப்பட்டது

கேள்வி சின்னது.
கண்ணை மூடுங்கள்,
ஒரு நிமிஷம் ஆனதும் "ஆச்சு" என்று சொல்லுங்கள்.
ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவது மட்டும் என் வேலை.

சின்னப்பாலத்தில் முப்பது பேர்,
மூச்சைப் பிடித்து முங்கிப் பாசி எடுக்கிறவர்கள்.
மண்டபத்தில் முப்பது பேர்,
இறால் கம்பெனியில் தலை கிள்ளுகிறவர்கள், முங்காதவர்கள்.
தண்ணீருக்குள் இருந்தவளுக்கு நேரம் நீளும் என்று
ஆனர்ஸ் ஆய்வேட்டுக்குக் கருதுகோள் எழுதியிருந்தேன்
முட்டளவுக்கு மேல் கடலில் இறங்காத நான்.

புருஷன் சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட
கரையில் வந்து உட்கார்ந்தார்கள்.
காலில் கட்டிய அலுமினியத் தட்டைக்கூட
சிலர் அவிழ்க்கவில்லை.
ஒப்புதல் படிவத்தில் பெருவிரல் வைத்தார்கள்.
மை பதிந்தது,
ரேகை பதியவில்லை.
பாறையில் பிய்த்துப் பிய்த்து
எப்போதோ போயிருந்தது அது.

நாற்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. முப்பத்தாறு.
எழுபத்தைந்து சொன்னவள் தன்னையே சிரித்துக்கொண்டாள்.
ஒருத்தி கேட்டாள்:
"கடிகார நிமிஷமா, தண்ணி நிமிஷமா?"
அதற்கு என் தாளில் கட்டம் இல்லை.

பதினேழாவது நம்புத்தாய்.
மூட்டையில் மரிக்கொழுந்துப் பாசி,
விரலில் சுற்றிய துணியில் பாதி பிரிந்து தொங்கியது.
கண்ணை மூடினாள்.
ஒரு நிமிஷம் போனது.
ஒரு நாய் வந்து மூட்டையை முகர்ந்துவிட்டுப் போனது.
இரண்டு. மூன்று.
தூங்கிவிட்டாளோ என்று தோளைத் தொடப் போனேன்,
தொடக் கூடாது என்று செய்முறையில் நானே எழுதியிருந்தேன்.
நான்கு நிமிஷம் பதினொரு விநாடியில்
"ஆச்சு" என்றாள்.

எண்ணினீங்களாக்கா?

"எண்ணலயே.
கண்ண மூடச் சொன்னியே தாயி.
பகல்ல எங்கிட்ட எவ சொல்லியிருக்கா அத."

பெனிட்டா மேடம் திரையைத் திருப்பிக் காட்டினார்.
பெட்டிப் படத்துக்கு மேலே தனியாக ஒரு புள்ளி,
எல்லாம் கரை திரும்பிய பிறகும்
வெளியே நிற்கிற வல்லம் மாதிரி.
"மூணு திட்ட விலக்கம் தாண்டிருச்சு ஜெனோவா.
வச்சிருந்தா மத்த இருபத்தொம்பது பேரையும் கெடுத்துரும்."
சரிதான் அவர் சொன்னது.
வரிசையைத் தேர்ந்து அழித்தேன்.
பதினெட்டு மேலேறிப் பதினேழானது.
எங்கும் ஓட்டை தெரியவில்லை.

புள்ளி பூஜ்ஜியம் ஏழு.
ஐந்துக்குக் கீழே வந்தால் பேசலாம்,
ஏழுக்கு வாய் கிடையாது.
அறுபத்துநான்கு பக்கம் எழுதி
வேறுபாடு காணப்படவில்லை என்று முடித்தேன்.
முடித்த இரவு தங்கச்சிமடத்தில் கரண்டு இல்லை,
லேப்டாப்பில் பதினொரு சதவீதம்,
கொசுவை அடித்த கையாலேயே
மேற்கோள் பட்டியலை அகர வரிசையில் அடுக்கினேன்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பு:
ஒரு பங்கேற்பாளரின் மதிப்பு
பகுப்பாய்விலிருந்து நீக்கப்பட்டது.
பெயர் போட விதி விடாது.
அந்த வரியை ஒன்பது தடவை மாற்றி எழுதியும்
அவள் "ஒரு" என்பதற்குள்ளேயே இருந்தாள்.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் பைண்டிங் கடை.
கறுப்பு ரெக்ஸின், தங்க எழுத்து.
என் பெயரில் கடைசிக் கால் விழவில்லை: ஜெனோவ.
"திரும்ப அடிக்கணும்னா இருநூறு ஆகும்மா."
இருக்கட்டும் என்றேன்.
கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் திறக்கவில்லை,
"மூணு காப்பி இருக்கா?" என்று எண்ணிப் பார்த்து
முத்திரை குத்தினார்.
அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

திரும்புகிற பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியபோது
ஜன்னல் ஓரம் கண்ணை மூடினேன்.
சேலைத் தலைப்புகள் படபடக்கிற சத்தம்,
யாரோ பையில் கருவாடு,
டிரைவர் கியர் மாற்றினார்.
ஆச்சு என்று தோன்றியதும்
செல்லைப் பார்த்தேன்.
முப்பத்தெட்டு விநாடி.

சராசரிக்குள்தான் இருக்கிறேன்.
பாலம் பாதிகூட வரவில்லை.