மூன்று எண்ணும் வரை

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில்
டார்ச் லைட்டுகளுக்கும் போன வருஷக் காலண்டர்களுக்கும் நடுவில்
குப்புறக் கிடந்தது.
அட்டையில் சதுரங்க ராஜா.
எண்பது சொன்னான், ஐம்பதுக்குக் கொடுத்தான்.
பேரம் பேசுகிறவரை உலகம் மதிக்காது என்ற நாற்பதாம் பக்கத்தை
நான் அப்போது படித்திருக்கவில்லை.

எனக்கு முன்னால் வைத்திருந்தவர்
பச்சை மையில் அடிக்கோடு போடுகிறவர்.
தேவைக்குக் குறைவாகப் பேசு.
முதலில் சிரிக்காதே.
உன் அவசரம் அடுத்தவருக்குத் தெரியக் கூடாது.
கேள்வி வந்தால் மூன்று எண்ணு, பிறகு வாய் திற.
ஓரத்தில் பொடி எழுத்தில்: "முயற்சி செய்கிறேன்."

நானும் செய்தேன்.
பள்ளிகொண்டா தாண்டும்வரை
கம்பெனி பஸ் கண்ணாடியில் முகத்தை இறுக்கிப் பார்த்தேன்.
வெளியே பாலாறு
தேவைக்கு ரொம்பவே குறைவாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆம்பூரில், ஏழாவது லைனில், நாங்கள் தைப்பது ஷூவின் மேல்பாகம் மட்டும்.
அடிப்பாகம் எங்கே ஒட்டுகிறார்களோ, பார்த்ததில்லை.
"இன்னாக்கா, பல்லு வலியா?" என்றாள் யசோதா.
ஒன்று, இரண்டு, மூன்று.
"இல்லை."
மறுநாள் கிராம்பு மடித்துக் கொண்டுவந்தாள்.
வீட்டில் இவர்,
"சம்பளத்துல புடிச்சிட்டானுங்களா?" என்றார்.
நான் கம்பீரமாக இருக்கிறேன் என்று
ஒரு ஜீவனுக்கும் தோன்றவில்லை.

பதினொரு பேருக்கு ஓ.டி. பணம் இரண்டு மாதமாக நிற்கிறது.
சூப்பர்வைசர் என்று முதஸ்ஸிர் சார் அறைக்கு
என்னைத்தான் தள்ளினார்கள்.
"என்ன பொற்கொடி?"
ஒன்று. இரண்டு. மூன்று.
"ஓ.டி.," என்றேன்.
அவர் பார்த்தார். பேசவில்லை.
நானும் பேசவில்லை.
ஏ.சி. தண்ணீர் வாளியில் சொட்டியது.
அப்போதுதான் கண்ணில் பட்டது:
அவர் முதுகுக்குப் பின்னால், ஏற்றுமதிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில்
அதே சதுரங்க ராஜா.
ஆங்கிலத்தில். கெட்டி அட்டை.

அவரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
இங்கே ஒரு மேசைக்கு இரண்டு ராஜா.
அடுத்தடுத்த கட்டத்தில் அவர்கள் நிற்கவே கூடாதாம்,
என் பையன் சொல்லியிருக்கிறான்.

முதலில் பேசுகிறவர் தோற்றார் என்பது சட்டம்.
ஆனால் அவர் மௌனத்துக்கு மாதச் சம்பளம் உண்டு.
என்னுடையதற்கு
ஆறு பத்துக்கு பஸ்.
கதவுக் கண்ணாடியில் நெற்றி நெற்றியாகப் பதினொரு பேர்.

தோற்றேன்.
தோற்றபின் நிறுத்தவேயில்லை.
யசோதா இருபத்தாறு மணி நேரம்,
ரஹமத்துன்னிசா பத்தொன்பதரை,
ஊசி ஏறிய விரலோடு செல்லக்கிளி முப்பத்தொன்று,
நோட்டைப் பார்க்காமல் எல்லாப் பெயரும் வந்தது.
கை வேறு ஆடியது (ஆட்டாதே, எழுபத்தி மூன்றாம் பக்கம்).
வெளியே வந்த பிறகுதான் உறைத்தது:
"தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்று
பதினாலு வருஷமாக
எல்லாப் பேச்சுக்கும் வாசற்படி வைத்திருந்தேனே,
அதை அன்றைக்கு மிதிக்காமலே தாண்டிவிட்டேன்.
அது எந்தப் பக்கத்துப் பாடம் என்று தேடினேன்.
இல்லை.

அவர் மூன்றுக்கு மேலேயும் எண்ணினார்.
பிறகு பேனா மூடியைக் கழற்றி,
"செல்லக்கிளிக்கு எவ்வளவு சொன்னே?"

ஒன்பது பேருக்கு வந்தது.
இரண்டு பேருக்கு அடுத்த மாதம் என்கிறார்கள்.
மறுபடி போக வேண்டும்.

நேற்று பஸ்ஸில் கடைசிப் பக்கம் வந்தேன்.
அங்கேயும் பச்சை மை:
"முடியலை. வீட்ல பசங்க பயப்படறாங்க."
அதற்குக் கீழே ஏதாவது எழுதலாம் என்று
பேனாவை எடுத்து
ஒன்று, இரண்டு

பின் சீட்டில் யசோதா எதற்கோ சிரித்தாள்.
என்னவென்று கேட்காமலே
நானும்.