அறுபத்து நாலாவது

அந்தப் பெயரை நான் சொல்ல மாட்டேன்.
அதை விற்றாகிவிட்டது.

ஊர் க்ரூ. ரயில் மாற இறங்குகிறவர்கள்
காகிதக் கோப்பையில் தேநீர் குடித்துவிட்டு
அடுத்த வண்டியில் போய்விடுவார்கள்.
பிம்ஸ் லேன் வரை நனைந்துகொண்டு நடப்பது
எங்கள் ஆட்கள்தான்.

தொண்ணூற்றெட்டில் இரண்டு ஜெர்மன்காரர்கள்
எங்களுக்கு விலை கேட்டார்கள்.
ஒருவருக்குச் சுவர்கள், லேத்துகள், கான்டீன், நாங்கள்.
மற்றவருக்குப் பெயர்.
வானொலி சொன்னபோது
கை நிறைய வாஷர்களோடு ஸ்டோரில் நின்றிருந்தேன்.

"பேரே இல்லாம இந்த ஆளு எதை வாங்கினான்?"
வர்ணப் பிரிவு நெவில் பெபிங்டன் கேட்டான்.
"உன்னைத்தான்."
சிரிப்பதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

இன்னும் நாலு வருடம்
பெயர் எங்களிடம் வாடகைக்கு இருந்தது.
விவாகரத்துக்குப் பிறகும் தபால்காரர்
பழைய பெயரிலேயே கதவைத் தட்டுவதுபோல.
(எனக்குத் தெரியும். ஹியூம் என்பது கீத்தின் பெயர்.
மாற்றப் படிவம் வாங்கி வந்தேன்.
டிராயரில் கிடக்கிறது.)

கடைசி டிசம்பரில்
முத்திரைத் தகடுகளை எண்ணித் தரச் சொன்னார்கள்.
பதிவேட்டில் அறுபத்து நான்கு.
பெட்டியில் அறுபத்து மூன்று.
மூன்று முறை எண்ணினேன்.
வக்கீலின் பையன் கடிகாரத்தைப் பார்த்தான்.
'சேதம்: ஒன்று' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன், கீத்தின் பெயரில்.

எங்களுக்கு மிஞ்சியது தம்பி.
இறக்கை முளைத்த ஒற்றை எழுத்து.
அண்ணனின் சட்டையை மடித்துத் தைத்துப் போட்டே
இத்தனை காலம் வளர்ந்தவன்.
அடுத்த வருடம் அவனுடைய இரண்டு கதவு வண்டிக்கு
வரிசை கட்டி நின்றார்கள்.
கால்பந்துக்காரர்கள் வெள்ளையில் கேட்டார்கள்.
முகத்தைச் சுளித்துக்கொண்டே
நெவில் வெள்ளை அடித்தான், ஓவர்டைமில்,
அந்தக் காசில் சமையலறையை மாற்றிக் கட்டினான்.

சமையலறையைப் பார்க்கத்தான் போனேன், மே மாதம்.
பின்பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தான்.
இயந்திரத்தின் மூக்கில்,
ஒரு திருகு கோணலாக,
அறுபத்து நாலாவது.

நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
"நல்லா ஓடுதா?" என்றேன்.
"சத்தமே கிடையாது" என்றான்,
தெரு முழுக்க இரையும் அந்த இயந்திரத்துக்கு மேலே
கத்தி.