ரெண்டு நாலு

கறுப்பு வெல்வெட் கிழிந்துபோன மாதம்
சேட்டு என் கையைக் கேட்டார்.
"இங்கே நீட்டு."
கவரிங் வளையல் ஆறும்
டியூப்லைட்டில் தங்கமாகிவிட்டன.
வந்தவள் வளையலைப் பார்த்தாள், விலை கேட்டாள்.
கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

தங்கசாலைத் தெருவில்
நாலு வருஷம் நான் வெல்வெட்.

தில்குஷ், சேட்டின் இளைய மகன்,
மாடி குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே
என் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.
"நரம்பே தெரியலியே, எங்க ஓடுது ரத்தம்?"
அவனுடையது தெரிந்தது.
நீலமாய், இரண்டாகப் பிரிந்து,
பேசின் பிரிட்ஜில் தண்டவாளம் பிரிவதுபோல.
அதன்மேல் வாயை வைத்தேன்.
கீழே யாரோ பில் புக் கேட்டுக் கத்தினார்கள்.

பொய் சொல்ல மாட்டேன்,
அந்த நீலத்தின் மேல்தான் எனக்கு ஆசை.
மூலக்கொத்தளம் முனையில் கன்னியப்பன் இருந்தான்,
என் நிறத்திலேயே,
என் பஸ் வரும்வரை டீயை ஆறவிட்டு நிற்பான்.
அவன் மணிக்கட்டை ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

தில்குஷ் வால்டாக்ஸ் ரோடு வரை கூட வருவான்.
அங்கே நின்றுவிடுவான்.
வெள்ளைக்காரன் காலத்தில்
கறுப்பர் பட்டணத்துக்குச் சுவர் இருந்த இடமாம்.
சுவருக்கு வரி கேட்டார்களாம்,
ஜனங்கள் கட்டமாட்டோம் என்றார்களாம்.
சுவரும் போச்சு, வரியும் போச்சு,
பெயர் மட்டும் போர்டில் இருக்கிறது.
அவன் செருப்புக்கு மட்டும் எப்படியோ
சுவர் தெரிந்தது.

ஜோத்பூரிலிருந்து போட்டோ வந்தது.
"பொண்ணு ரொம்ப கோரா" என்று
சேட்டம்மா எனக்கும் லட்டு கொடுத்தாள்,
கையில் படாமல், பேப்பரில் போட்டு.
பெண்ணின் கை அளவு ரெண்டு நாலு.
என்னுடையதும் அதே.
கல்யாண வளையலை, கவரிங் இல்லை இது,
என் கையில் ஏற்றிப் பார்த்தார்கள்.
வியர்வை. கழலவில்லை.

அவனைத்தான் சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள்.
கொண்டுவந்தான்.
யாரும் சொல்லாமலே என் கையைப் பிடித்து,
கட்டைவிரலை எந்தப் பக்கம் மடக்கினால்
எலும்பு வழிவிடும் என்று தெரிந்தவனாய்
ஒரே இழுப்பில் கழற்றினான்.

சேட்டம்மா அதைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மஞ்சள் துணியால் வளையலைத் துடைத்தாள்,
உள்பக்கம்,
ரொம்ப நேரம்.

திங்கட்கிழமை கடைக்குப் புது வெல்வெட் வந்தது.
நல்ல கறுப்பு.