தலைக்கு ஐந்நூறு

மணிமேடைக்குக் கீழே ஐந்தரைக்கு
சிவப்புக் குடையோடு நின்றான் லிஜின்.
ஒன்பது பேர். தலைக்கு ஐந்நூறு.
குடிப்பது அவரவர் செலவு.
"ஊரின் பழைய மதுக்கடைகள், நடந்தே" என்று
அவன் நெஞ்சில் தொங்கிய குட்டி ஸ்பீக்கர் கரகரத்தது.
முன்னாடி வந்திருக்கீங்களா சார், என்றான்.
இல்லை என்றேன்.
அது பாதிப் பொய்.

பதினாலு மாதமாகத் தொடவில்லை.
அதற்கு முன் பதினேழு வருஷம்
இவன் பட்டியலின் நாலு கடையிலும்
எனக்கென்று ஒரு மூலை இருந்தது.
ஆனாலும் வேப்பமூட்டிலிருந்து கோட்டாறு வரை
இந்தத் தெருக்களைத்
தரையாக மட்டுமே அறிவேன்.
எந்த ஓடை மூடி ஆடும்,
எந்தப் படி ஒரு விரற்கடை உயரம்,
எந்த நாய் என்னைக் குரைக்காது.
நோட்டீஸை வசந்தலீலாவிடம் காட்டியபோது
இரண்டு முறை வாசித்தாள்.
ஐந்நூறை எண்ணித் தந்தாள்,
மேலே ஓர் அறுபது, சோடாவுக்கு.

"மேல பாருங்க" என்றான் லிஜின்.
பார்த்தோம்.
முதல் கடைக்கு மாடி இருந்தது!
மாடியில் மரத்தில் கடைந்த அழி,
அழிக்குப் பின்னால் யாரோ காயப்போட்ட
பச்சைப் பாவாடை.
திருவிதாங்கூர்க் காலத்து அரிசி மண்டியாம்.
இருக்கலாம்.
அடுத்த வாரம் உப்பு மண்டி என்பான்.
பெங்களூர்த் தம்பதி அழியைப் படம் எடுத்தார்கள்.
நான் பாவாடையை விட்டுக் கண் எடுக்கவில்லை.
இத்தனை வருஷமும் தலைக்கு மேலே
ஒரு வீடு சோறு பொங்கியிருக்கிறது,
நாங்கள் போட்ட சத்தத்துக்கு நடுவே
ஒரு பிள்ளை வாய்ப்பாடு எழுதியிருக்கிறது.

இரண்டாவது கடையில் எனக்கு நாரங்காச் சோடா.
மூன்றாவதிலும்.
கள்ளு கிடைக்காதா என்று கேட்டார்
திருச்சியிலிருந்து வந்த ரிட்டையர்டு சர்வேயர்.
லிஜின் மேற்கே கையைக் காட்டினான்.
"களியக்காவிளை தாண்டணும் சார்.
அது வேற டூர், வேற ரேட்டு."
சாளை வறுவல் வந்தது, மரச்சீனிக் கிழங்கு வந்தது.
எல்லோர் தம்ளரும் வியர்த்திருந்தன.
என் விரல் தானாகவே
மேசை ஈரத்தில் வட்டம் போட்டது.
கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்,
அடுத்த வீட்டுப் பிள்ளையை
உட்கார வைப்பதுபோல.

நாலாவது, கோட்டாறு.
வாசலிலேயே கால் நின்றது.
இங்கேதான் மேசைமேல் ஏறிப் பாடினேன்.
இங்கேதான் ஒருவன் சட்டையைக் கிழித்தேன்,
யார் என்று இன்றுவரை தெரியாது.
என்னைக் கண்டால் கடையே எழுந்து நிற்கும் என்று பயந்தேன்.
யாரும் எழவில்லை.
பரிமாறுகிற சுயம்பு மட்டும்
கிறுக்கலான பில்லைப் போல என் முகத்தை வாசித்தான்,
உள்ளே போனான்,
ஊதாப்பூப் போட்ட பொம்பளைக் குடையோடு வந்தான்.
"ஒமக்குள்ளதுதானே வே?
ரெண்டு வருசம், நாலு மழை,
கல்லாவுக்குப் பின்னால கெடக்கு."

லிஜின் விடுவானா?
ஸ்பீக்கரைக் கூட்டினான்.
"பாத்தீங்களா, இங்க மறந்து வச்சது எதுவும் போகாது.
இந்தக் கடையோட பாரம்பரியம்."
கைதட்டினார்கள்.
பெங்களூர்க்காரி குடையைப் பல கோணத்தில் படம் எடுத்தாள்.
என் சைக்கிள் போனது
இதே வாசலில்தான்.
சொல்லவில்லை.

மழை இல்லாத ராத்திரியில்
குடையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.
ஒரு கம்பி தொங்கியது.
யாராவது பார்த்தால்
குடித்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

கதவைத் திறந்தாள்.
"எத்தனை கடை?"
"நாலு."
"ஊதுங்க."
ஊதினேன். நாரங்கா, சோடா, கொஞ்சம் சாளை.
வழிவிட்டாள்.
அப்புறம்தான் கையில் இருந்ததைப் பார்த்தாள்.
வாங்கி, விரித்து, கம்பியை நிமிர்த்தி,
விளிம்பில் தான் போட்ட தையலைத் தடவினாள்.

"பஸ்ஸுல போச்சுன்னுல்லா சொன்னிய?"