ஐந்து வேகன்

விண்டோஸ் மூன்றாம் முறையாக நீலம் பாரித்த அன்று
டில்லிபாபு பென்டிரைவில் லினக்ஸ் கொண்டுவந்தான்.
"காசு கேக்காது, கிராக்கும் வேணாம்."
கேட்கவில்லைதான்.
என் பாட்டுப்பெட்டியை மட்டும்
யாரென்றே தெரியாது என்றுவிட்டது.

ஏழு வருட லூப்புகள்
கட்டம் கட்டமாய் அடுக்கியவை
திறக்காத ஒரே கோப்பில்.

அதைப்போல ஒன்று வேண்டும், தேடினேன்.
முதலாவதில் சத்தமே இல்லை.
அடுத்ததில் இருந்தது, அரை நொடி பிந்தி,
கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிய ஷேர் ஆட்டோ மாதிரி.
மூன்றாவது இறங்கும்போதே கரண்ட் போனது.

நாலாவதின் பேர் வாயில் நுழையவில்லை.
திறந்தால் வெறும் கட்டம்,
போட என்னிடம் ஒன்றுமில்லை.

போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தேன்.
கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது,
எண்ணூர் நிலக்கரி,
தண்டவாள மூட்டில் தடக்குத் தடக்கென்று.

நாலு வேகன் நறுக்கிச் சுற்றவிட்டேன்.
நொண்டியது.
வழக்கம் மீறி ஐந்து நறுக்கினேன்.
வால் தலையைக் கவ்விக்கொண்டது,
எங்கே முடிந்ததென்று எனக்கே தெரியவில்லை.
ஸ்பீக்கரை ஏற்றினேன்.

நைட் ஷிப்டுக்குப் பையோடு நின்ற சுகந்தி
கீழிருந்து கத்தினாள்:
"இன்னாடா,
கேட்டு இன்னுமா தொறக்கல?"

ரயில் போய்
அரை மணி ஆகியிருந்தது.