ஏர்வாடி விலக்கு

மூன்று தடவையும் அந்த விலக்கில்தான் நின்றது.
தங்கச்சி வீட்டுக்குப் போகிற பாதை.
கோர்ட்டில் கிடக்கிறது எங்கள் ரெண்டு ஏக்கர்.
போகாதே என்று வண்டியே சொல்வதாக
எடுத்துக்கொண்டேன்.
வசதியாகவும் இருந்தது.

பணகுடி ஜெரால்டு மீட்டர் வைத்தான்.
பேட்டரி பன்னிரண்டரை. பிளக்கில் பொறி உண்டு.
"நிக்கும்போ டேஷ் லைட்டும் அணையுதா அண்ணாச்சி?"
அணையும்.
"அப்போ பெட்ரோல் இல்ல, கரண்டு."

காற்றாடிகளுக்குக் கீழே வெட்டவெளி.
வலப்பக்கம் வட்டமடித்தான், ஓடியது.
இடப்பக்கம் முழுசாக ஒடித்தான்,
பொசுக்கென்று அடங்கியது.
மறுபடி. மறுபடி.
தலைக்கு மேல்
ஊருக்கெல்லாம் கரண்டு சுற்றிக்கொண்டிருந்தது.

ஸ்டியரிங் தண்டுக்கு அடியில்
சாவி சுவிட்சுக்குப் போகும் ஒயர்,
தோலுரிந்து, ரெண்டே இழையில்.
"வேற எங்கயும் நிக்கலியா?"

நின்றிருக்கிறது.
மாட்டாஸ்பத்திரி முக்கில். ரேஷன் கடைப் பக்கம்.
அதையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பற்றவைத்து, டேப் சுற்றி,
நூற்றைம்பது ரூபாய்.

வரும் வழியில் விலக்கு.
இடது இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டினேன்.
டிக், டிக், டிக்.
பின்னால் வாழைத்தார் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
எஞ்சின்
ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.